ஹேட்ஸ் ஆஃப்ல எத்தனை எஃப்?

எங்க டீம்ல ஒரு சீனியர் இருந்தார், ரிட்டயர் ஆகி கொஞ்ச நாள் ஆச்சு. தலையில கேப் இல்லாம அவரை நான் பாத்ததே கிடையாது. மீட்டிங் ரூம்ல உக்காந்திருந்தாலும் சரி லிஃப்ட்டுக்கு நின்னாலும் சரி, வெளுத்துப்போன ஒரு நீலக் கேப் தலையில ஒட்டிட்டே இருக்கும். கடைசி நாள் அன்னைக்கு வாட்ஸ்அப் க்ரூப்ல ஆளாளுக்கு ரெண்டு வரி எழுதிட்டு இருந்தாங்க, நான் சும்மா இருப்பேனா, பெரிய பாராவா எழுதினேன். நான் புதுசா சேந்தப்ப அவர் பொறுமையா சொல்லிக்கொடுத்தது, நான் பண்ணின தப்புக்கு அவர் போய் திட்டு வாங்கினது, ராத்திரி ரெண்டு மணிக்கு போன் பண்ணாலும் எடுத்தது, எல்லாத்தையும் எழுதி எழுதி எனக்கே கண்ணு கலங்கிப்போய், முடிவுல தமிழ் பத்தாதுன்னு இங்கிலீஷ்ல தாவி "ஹேட்ஸ் ஆஃப் யூ சார்"னு முடிச்சேன்.

அந்த ஆஃப்ல ரெண்டு எஃப் வரணும். என் விரல் ஒண்ணோட நின்னுடுச்சு. பின்னாடி வரவேண்டிய 'டூ'வும் காணோம். அப்ப நான் அனுப்பினதுக்கு என்ன அர்த்தம்னா "உங்களுடைய தொப்பிகள் சார்". அவ்ளோதான். ரெண்டு பக்கம் உருகிட்டு கடைசியில உங்களுடைய தொப்பிகள்.

அஞ்சு நிமிஷத்துல அவர்கிட்ட இருந்து பதில் வந்துச்சு, "என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு தம்பி."

அதுக்கப்புறம் க்ரூப்ல என்ன நடந்திருக்கும்னு உங்களுக்கே தெரியும், சிரிப்பு பொம்மையா கொட்டுச்சு. எனக்கு முதல்ல புரியவே இல்ல, எதுக்கு சிரிக்கிறாங்கன்னு என் மெசேஜை நாலு தடவை படிச்சேன், எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சுது. நாமளே எழுதினதை நாமளே படிக்கும்போது கண்ணு எழுத்தை எங்க பாக்குது, மனசுல இருக்கறதைத்தான் படிக்குது. போன் கூட சிவப்புக் கோடு போடல. எப்படிப் போடும், ஒரு எஃப்போட இருக்கறதும் நல்ல வார்த்தைதான், ரெண்டு எஃப்போட இருக்கறதும் நல்ல வார்த்தைதான், அதுக்கென்ன தெரியும் நான் பாராட்டுறேனா தொப்பிக்கணக்கு எடுக்குறேனான்னு.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம இதை நோண்ட ஆரம்பிச்சதுதான், அப்படியே போயிட்டே இருந்துச்சு.

முதல்ல இந்த ஒரு எஃப் ரெண்டு எஃப் பிரச்சனை. நமக்கு இது ஏன் இவ்ளோ குழம்புதுன்னா தமிழ்ல எழுதும்போது ரெண்டுமே 'ஆஃப்'தான். பாதின்னு சொல்ற ஆஃப்பும் அதேதான், போன்ல போடுற ஆப்பும் கிட்டத்தட்ட அதேதான். இங்கிலீஷ்காரங்க வாயில இதுல வித்தியாசம் உண்டு, ஒரு எஃப் உள்ளது 'ஆவ்'னு வகரத்துல போய் முடியும், எழுத்து எஃப்பா இருந்தாலும் சத்தம் வேற. ரெண்டு எஃப் உள்ளதுதான் நெஜமாவே ஃப்ஃப்னு காத்தோட முடியும். நாம ரெண்டையும் ஒரே மாதிரி சொல்றோம், அதனால எழுதும்போதும் கை எது கிடைக்குதோ அதைப் போட்டுடுது.

ஆனா நம்மள மட்டும் குத்தம் சொல்லிட முடியாது, ஏன்னா ஒரு காலத்துல இது ரெண்டும் ஒரே வார்த்தைதான். பழைய இங்கிலீஷ்ல ஒரே எஃப்போட ஒரே வார்த்தை, 'விட்டு விலகி'ங்கற அர்த்தம். அழுத்திச் சொல்ற இடத்துல ஒரு மாதிரியும் லேசா சொல்லிட்டுப் போற இடத்துல வேற மாதிரியும் ஒலிச்சு ஒலிச்சு, மெதுவா ரெண்டாப் பிரிஞ்சு, 17ஆம் நூற்றாண்டு வாக்குலதான் எழுத்துலயும் தனித்தனியா நிலைச்சுது. விலகிப்போற அர்த்தத்தை ரெண்டு எஃப் எடுத்துக்கிச்சு, 'உடைய'ங்கற அர்த்தம் ஒரு எஃப்புக்குப் போயிடுச்சு. ஆக நான் பண்ணினது தப்பு இல்ல, கொஞ்சம் லேட்டு. இதை க்ரூப்ல சொல்லிப்பாத்தேன், யாரும் ஒத்துக்கல.

அடுத்தது, என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னு அவர் சொன்னது. அவர் ஜோக்காத்தான் சொன்னார், ஆனா நெஜமாவே யோசிச்சுப் பாருங்க, பாராட்டுறது நான் ஒருத்தன், என் தலை ஒண்ணு, அதுல தொப்பியே இல்லங்கறது வேற விஷயம், இருந்தாலும் ஒண்ணுதான் இருக்கும். அப்புறம் எதுக்கு 'ஹேட்ஸ்'னு பன்மை?

ஏன்னா அது நான் என் தொப்பியைக் கழட்டுறேன்னு சொல்ற வாக்கியமே இல்ல. கூட்டத்தைப் பாத்து போடுற சத்தம் அது. "எல்லாரும் தொப்பியைக் கழட்டுங்கப்பா, இந்தாளுக்கு!"ன்னு அர்த்தம். தெருவுல யாரோ பெரிய ஆள் வர்றார், நிக்கிறவங்க எல்லார் தலையிலயும் தொப்பி, ஒருத்தன் குரல் கொடுக்கறான், அத்தனை தொப்பியும் தலையை விட்டுக் கீழ இறங்குது. அதைத்தான் சுருக்கி ரெண்டு வார்த்தையில வெச்சிருக்காங்க. இந்தக் காட்சி ஒருதடவை மனசுல விழுந்துட்டா அப்புறம் எதையும் மனப்பாடம் பண்ண வேண்டியதில்லன்னு எனக்குத் தோணுது. கூட்டம், அதனால பன்மை. தலையை விட்டு விலகுது, அதனால ரெண்டு எஃப். ஒருத்தரைப் பாத்துக் கழட்டுறாங்க, அதனால அவருக்கு முன்னாடி 'டூ'. எதுக்காகக் கழட்டுறாங்கன்னு சொல்லணும்னா அதுக்கு முன்னாடி 'ஃபார்'. ஹேட்ஸ் ஆஃப் டூ த நர்சஸ் ஃபார் வொர்க்கிங் ஆல் நைட். நம்மாளுங்க நிறைய பேர் "ஹேட்ஸ் ஆஃப் ஃபார் யூ"ன்னு எழுதுவாங்க, அது இடம் மாறிப்போன 'ஃபார்', ஆளுக்கு டூ, காரணத்துக்கு ஃபார், அவ்ளோதான்.

அதே மாதிரி "ஐ ஹேட்ஸ் ஆஃப் யூ"ன்னு ஒண்ணு சுத்திட்டு இருக்கு. அதுல ஹேட்ஸ் ஆஃப் வினைச்சொல்லா மாறி, நான் உன்னை ஹேட்ஸாஃபுறேன்ங்கற மாதிரி ஆயிடுச்சு. நான்னு ஆரம்பிக்கணும்னு ஆசையா இருந்தா அதுக்குத் தனியா வாக்கியமே இருக்கு, "ஐ டேக் மை ஹேட் ஆஃப் டூ யூ". இங்க பாருங்க தொப்பி ஒண்ணாயிடுச்சு, ஏன்னா இப்ப கழட்டுறது நான் மட்டும்தான். எனக்கு இதுதான் கொஞ்சம் மரியாதையாவும் தெரியுது, ஊரைக் கழட்டச் சொல்லாம நம்ம தொப்பியை நாம கழட்டுறது.

இன்னொரு சின்ன விஷயம், அபாஸ்ட்ரஃபி, அதான் எழுத்துக்கு மேல தொங்கிட்டு இருக்குமே கமா மாதிரி. ஹேட்ஸ் ஆஃப்ல அது வராது. ஆனா முன்னாடி 'மை' சேத்து "மை ஹேட்ஸ் ஆஃப் டூ யூ"ன்னு சொன்னா கட்டாயம் வரணும்! ஏன்னா அங்க அந்த 'ஸ்' பன்மை இல்ல, 'இஸ்'ங்கறதோட மிச்சம். என் தொப்பி இறங்கியாச்சுன்னு அர்த்தம். காதுக்கு ஒரே சத்தம், ஒண்ணுல பல தொப்பி, இன்னொண்ணுல ஒரே தொப்பி. சின்னப் புள்ளியாட்டம் இருந்துக்கிட்டு என்ன வேலை பாக்குது பாருங்க. ரெண்டு வார்த்தையையும் ஒட்டி ஒண்ணா எழுதறதும் வேண்டாம், நடுவுல கோடும் வேண்டாம்.

தொப்பி கழட்டுறதுக்குன்னே இங்கிலீஷ்ல ஒரு வினைச்சொல் உண்டு, 'டாஃப்'. அதைப் பிரிச்சுப் பாத்தா 'டூ ஆஃப்', அதாவது செய் விலக்கு. அதோட ஜோடி 'டான்', போட்டுக்கறது, அது 'டூ ஆன்'. இது தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு என்னமோ புதையல் கிடைச்ச மாதிரி இருந்துச்சு, பக்கத்துல இருந்தவங்க கிட்ட சொன்னேன், சரின்னு சொல்லிட்டு போனைப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க.

தொப்பியை எடுக்கறதெல்லாம் சும்மா மரியாதைக்குத்தானேன்னு நாம ஈஸியா சொல்லிடறோம், ஆனா அதுக்காக கோர்ட்டுல ஃபைன் கட்டச் சொன்ன கதையெல்லாம் இருக்கு. 1670ல லண்டன் ஓல்ட் பெய்லி கோர்ட்டுல வில்லியம் பென், வில்லியம் மீட்னு ரெண்டு பேரை விசாரிச்சாங்க. அவங்க க்வேக்கர்ங்கற கிறிஸ்தவப் பிரிவு. மனுஷனுக்கு முன்னாடி தொப்பியைக் கழட்டமாட்டோம், அந்த மரியாதை கடவுளுக்கு மட்டும்தான்னு நிக்கறவங்க. உள்ள வரும்போது யாரோ ஒரு சேவகர் அவங்க தொப்பியை எடுத்துட்டார். உடனே பெஞ்சுல இருந்தவங்க திரும்பப் போட்டுவிடுங்கன்னு உத்தரவு போட்டு, தொப்பி தலையில ஏறினதும், கோர்ட்டுல ஏன்யா தொப்பியைக் கழட்டலன்னு ஆளுக்கு 40 மார்க் அபராதம் போட்டாங்க. மார்க்ங்கறது அந்தக் காலத்துப் பணக்கணக்கு. நீங்களே போட்டுவிட்டு நீங்களே ஃபைன் போடுவீங்களான்னு அவங்க கேட்டாங்க, நியாயமான கேள்விதான். அந்த வில்லியம் பென் பேருலதான் அமெரிக்காவுல பென்சில்வேனியா இருக்குன்னு சொல்லுவாங்க, கரெக்டா சொன்னா அவரோட அப்பா பேருல, அவரும் வில்லியம் பென்தான்.

நாம மெசேஜ்ல "ஹேட்ஸ் ஆஃப் சார், சல்யூட் சார்"னு சேத்து சேத்து அடிப்போம்ல, அது ரெண்டும் சொந்தக்காரங்க தெரியுமா. முன்னாடி பிரிட்டிஷ் சிப்பாய்ங்க அதிகாரியைப் பாத்தா தொப்பியைக் கழட்டுவாங்க. 1745ல கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் படையில ஒரு உத்தரவு வருது, இனிமே தொப்பியை முழுசாக் கழட்டவேண்டாம், கையைத் தொப்பிக்கிட்ட கொண்டுபோய் தொட்டுட்டு குனிஞ்சுட்டுப் போனாப் போதும்னு. அப்படி பாதியில நின்னுபோன கைதான் நாம பாக்குற சல்யூட்டா ஆகியிருக்கும்னு சொல்றாங்க. அப்ப ஹேட்ஸ் ஆஃப் சொல்லிட்டு கூடவே சல்யூட்டும் சொன்னா, முழுசாக் கழட்டிட்டு அப்புறம் பாதியும் கழட்டுறோம். பரவால்ல, பாசத்துல பண்றதுதானே.

ஹேட்ரிக்கும் இந்தப் பக்கத்துச் சரக்குதான். 1858ல ஷெஃபீல்ட் ஊரு ஹைட் பார்க் மைதானத்துல எச். எச். ஸ்டீஃபன்சன்னு ஒரு பவுலர் அடுத்தடுத்த மூணு பந்துல மூணு விக்கெட் எடுத்தார். பாத்தவங்க காசு வசூல் பண்ணி அவருக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தாங்க. ஒருத்தர் தன் தொப்பியைக் கழட்டிப் பாராட்டுறார், இன்னொருத்தர் புதுத் தொப்பி வாங்கிக் குடுத்துப் பாராட்டுறார், எப்படிப் பாத்தாலும் பாராட்டுன்னா அவங்களுக்குத் தொப்பி இல்லாம ஆகாது போல.

நம்மகிட்ட நேர்மாறு. தமிழ்ல ஒருத்தன் உங்களுக்கு குல்லா போட்டான்னா ஓடிடணும்! இங்க தொப்பி தலையில ஏறினா ஏமாத்து, அங்க தொப்பி தலையை விட்டு இறங்கினா மரியாதை. அதனாலயோ என்னவோ ஹேட்ஸ் ஆஃப்ங்கறது நமக்கு வெறும் சத்தமாத்தான் வந்து சேந்துது, உள்ள இருக்கற படம் வரல, படம் வராததுனாலதான் எஃப்பும் டூவும் வழியில உதிர்ந்துபோச்சுன்னு நெனைக்கிறேன். மத்த பாஷைக்காரங்களுக்கு அந்தப் படம் அப்படியே இருக்கு. பிரெஞ்சுல ஒரே வார்த்தை, 'ஷப்போ', அப்படின்னா தொப்பி, அவ்ளோதான், கழட்டுறேன்னு கூட சொல்லமாட்டாங்க, சைக்கிள் ரேஸ் பாக்கறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். ஜெர்மன்ல 'ஹூட் ஆப்', தொப்பி ஆஃப். 1831ல ராபர்ட் ஷூமன்னு ஒரு ஜெர்மன் இசையமைப்பாளர், ஒரு இசைப் பத்திரிகையில ஷோப்பன்ங்கற இன்னொரு இசையமைப்பாளரைப் பத்தி எழுதும்போது, தொப்பியைக் கழட்டுங்கள் கனவான்களே, ஒரு மேதை வந்திருக்கார்னு ஒரு பாத்திரம் சொல்ற மாதிரி எழுதினார். அப்ப எழுதினவருக்கும் 21 வயசு, எழுதப்பட்டவருக்கும் 21 வயசு. அந்த வயசுல தன் வயசுக்காரனைப் பாத்து ஊரையே தொப்பியைக் கழட்டச் சொல்றதுக்குப் பெரிய மனசு வேணும், நம்மால எல்லாம் ஒரு லைக் போடவே முடியாது. ஜெர்மன்ல தொப்பி ஒருமைதான், கனவான்கள் மட்டும்தான் பன்மை. இங்கிலீஷ்லதான் ஒவ்வொருத்தர் தொப்பியையும் எண்ணிப் பன்மையாக்கிட்டாங்க.

சரி எழுத்துப்பிழையை விடுங்க, எங்க சொல்லலாம் எங்க சொல்லக்கூடாதுங்கறதுலதான் நாம இன்னும் அதிகமா சறுக்கறோம். பிறந்தநாளுக்கெல்லாம் ஹேட்ஸ் ஆஃப் சொல்லக்கூடாது, பிறந்ததுல அவர் பங்கு ஒண்ணும் இல்ல. கல்யாணத்துக்கும் சொல்லக்கூடாது, சொன்னா கிண்டலாத் தெரியும், சில ஜோடிக்குப் பொருத்தமா இருக்கலாம் அது வேற. ப்ரமோஷனுக்கு கங்கிராஜுலேஷன்ஸ், அதுக்குப் பின்னாடி 'ஆன்' போட்டு எழுதுனா நல்லது. ஹேட்ஸ் ஆஃப்ங்கறது ஒருத்தர் கஷ்டப்பட்டு ஒண்ணைச் செஞ்சதுக்கு, நம்மால முடியுமான்னு நமக்கே சந்தேகம் வர்ற மாதிரி ஒண்ணைச் செஞ்சதுக்கு. கிடைச்சதுக்கு இல்ல, செஞ்சதுக்கு.

இதுல ஒரு நல்ல குணம் என்னன்னா இது மேல நோக்கியும் போகும் கீழ நோக்கியும் போகும். வெல் டன், குட் ஜாப் எல்லாம் அப்படி இல்ல, அது பெரும்பாலும் மேல இருக்கறவர் கீழ இருக்கறவரைத் தட்டிக்கொடுக்கறது. உங்க மேனேஜருக்கு நீங்க குட் ஜாப்னு மெயில் போட்டுப் பாருங்க, அவர் மார்க் போட்ட வாத்தியாரைப் பாக்கற மாதிரி உங்களைப் பாப்பார். ஆனா ஹேட்ஸ் ஆஃப்ல நீங்க உங்க தலையிலருந்துதானே எடுக்கறீங்க, அதனால முதலாளிக்கும் சொல்லலாம், நேத்து சேந்த பையனுக்கும் சொல்லலாம். தமிழ்ல தலைவணங்குறேன் கிட்டத்தட்ட இதே இடம்தான், சபாஷ் மட்டும் கொஞ்சம் மேலருந்து கீழ. சபாஷ் பாரசீகத்துலருந்து வந்தது, சந்தோஷமா இருன்னு அர்த்தம், ஆசீர்வாதம் மாதிரி, அதனாலதான் பெரியவங்களைப் பாத்து சபாஷ்னு சொன்னா ஒரு மாதிரி இருக்கு.

அப்புறம், ரொம்ப சொன்னா தேஞ்சுடும். ஒருத்தர் டீ டைமுக்கு வந்தாலே ஹேட்ஸ் ஆஃப் போடற க்ரூப்ல நான் இருக்கேன், அங்க நெஜமாவே ஒருத்தர் எதையாவது சாதிச்சா சொல்றதுக்கு வார்த்தையே மிச்சம் இல்ல, ஹேட்ஸ் ஆஃப் ஹேட்ஸ் ஆஃப்னு ரெண்டு தடவை போடறாங்க.

கடைசியா ஒண்ணு, இதைச் சொல்லவேணாம்னுதான் இருந்தேன். உங்களுடைய தொப்பிகள் சார்னு அனுப்பி அசிங்கப்பட்டேன்ல, க்ரூப்ல யாரோ "டேய் ரெண்டு எஃப்டா"ன்னு எடுத்துக்கொடுத்தாங்க. அவசர அவசரமா அதை சரிபண்ணி, சாரி சொல்லிட்டு, ரெண்டாவது மெசேஜ் போட்டேன். ரெண்டு எஃப் கரெக்டா விழுந்துது. ஆனா ஆளுக்கு முன்னாடி போடணும்னு மேல பக்கம் பக்கமா சொன்னேனே அந்த 'டூ', அதைப் பத்தி அப்ப எனக்கு என்ன தெரியும். 'யூ'வும் குழப்புதுன்னு தூக்கிட்டு, "ஹேட்ஸ் ஆஃப், சார்!"னு அனுப்பிட்டேன்.

'டூ' இல்லாம, நடுவுல கமா வெச்சு, கூப்பிடற மாதிரி சார்னு போட்டா அது பாராட்டு இல்ல. கூட்டத்துக்குப் போடற சத்தம்னு சொன்னேனே, அந்தச் சத்தம் இப்ப நேரா அவர் தலைக்கு. "தொப்பியைக் கழட்டுங்க சார்!"

க்ரூப் அமைதியாயிடுச்சு. ஒரு நிமிஷம் கழிச்சு அவர்கிட்ட இருந்து ஒரு போட்டோ வந்துச்சு. மேஜை மேல அந்த நீலக் கேப், பக்கத்துல சிரிச்சுட்டு உக்காந்திருக்கார், அத்தனை வருஷத்துல நாங்க யாரும் பாக்காத முழு வழுக்கை.